அப்பா ஒட்டிய கம்பு

கம்பு இரண்டு டீசல் டிரம்களின் மேல் படுத்துக் கிடந்தது. நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளையாக ஒரு பட்டை. படகு ஒட்டுகிற ரெசின் வாசனை மூக்கில் ஏறியது. அப்பா பக்கத்தில் நின்று, தின்னர் நனைத்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல வேலை செய்து முடித்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"இந்தா பாரு மகேசு. இனிமே ஆனை ஏறி நின்னாலும் ஒடையாது" என்றார்.

மாநிலப் போட்டிக்கு ஒரு வாரம்கூட இல்லை. அதில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால்தான் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு விண்ணப்பம் போட முடியும். இருப்பதோ அந்த ஒரு கம்பு. அதுவும் என்னுடையது இல்லை, ஜெனிஃபருடையது.

ஜெனிஃபரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆவூர்க்காரி. அவள் அம்மாவும் அப்பாவும் வாத்தியார்கள். குவைத்தில் இருந்த அவள் அண்ணன் அனுப்பிய பணத்தில் வாங்கிய கம்பு அது. புதுக்கோட்டையில் நானும் அவளும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி, கோலூன்றித் தாண்டுகிற போட்டியில் ஒரே கம்பு. எடையில் நான் அவளைவிடக் கொஞ்சம் கூடுதல். இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். இந்தத் தொடரை வாராவாரம் படித்துவிட்டு, நான் எங்கெங்கே அளந்து விட்டிருக்கிறேன் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். இந்த வாரம் அவளுக்கு அதிக வேலை இருக்காது என்று நம்புகிறேன்.

ஆள் இல்லாத போட்டி

இந்த விளையாட்டுக்கு நான் வந்த கதை ரொம்பப் பெருமைக்குரியது ஒன்றும் இல்லை. நான் நீளம் தாண்டுகிறவள். அதிலும் சுமார்தான். மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது பெண்களுக்கான போல் வால்ட்டில் எங்கள் கல்லூரியிலிருந்து யாருமே இல்லை. யாராவது பெயர் கொடுங்கள், புள்ளியாவது கிடைக்கும் என்றார்கள். ஜெனிஃபர் கை தூக்கினாள். அவள் தூக்கினாள் என்று நானும் தூக்கினேன்.

போட்டிக்கு மொத்தமே மூன்று பேர்தான் வந்திருந்தோம். எனக்கு மூன்றாம் இடம். வெண்கலப் பதக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோனபோது எங்கள் தெருவே வந்து பார்த்தது. எத்தனை பேரில் மூன்றாவது என்று யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

பிறகுதான் பைத்தியம் பிடித்தது. கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நானும் ஜெனிஃபரும் செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். ஓடி வருகிறாள், கம்பின் நுனியைக் குழிக்குள் செருகுகிறாள், கம்பு வில்லாக வளைகிறது, பிறகு நிமிர்கிறது, அவள் தலைகீழாக மேலே போகிறாள். இதில் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. கம்பு வளைந்து நிற்கிற அந்த ஒரு நொடியில், அவள் ஓடி வந்த வேகம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

இதை நான் யாரிடமும் கேட்காமல் விட்டதில்லை. இயற்பியல் மிஸ் கரும்பலகையில் அம்புக்குறிகள் போட்டு விளக்கினார். அம்புக்குறி புரிந்தது, விஷயம் புரியவில்லை. எங்கள் ஊர் விசைப்படகு டிரைவர் ஒருவர், அலை படகைத் தூக்கும்போது அடிவயிற்றில் ஒன்று கூசும் பாரு, அதுதான் என்றார். மிஸ் சொன்னதைவிட எனக்கு இது கிட்டத்தில் இருந்தது. இவ்வளவு வருஷம் தாண்டிய பிறகும் முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கம்பும் பஸ்ஸும்

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார், அவ்வளவு நீளக் கம்பை எப்படி ஊர் ஊராகக் கொண்டு போனீர்கள் என்று. நல்ல கேள்வி. தாண்டுவதைவிட அதுதான் கஷ்டம்.

பன்னிரண்டு அடிக்கும் மேலே நீளம். மடக்க முடியாது. பஸ்ஸுக்குள் ஏற்றினால் டிரைவர் காதுப் பக்கத்தில் போய் நிற்கும். மேலே கேரியர் இருக்கிற பஸ்ஸாகப் பார்த்துக் காத்திருந்து, கண்டக்டரிடம் கெஞ்சி, பழைய புடவையால் சுற்றிக் கட்டுவோம். இது என்ன, கொடிக்கம்பமா, எந்தக் கட்சி என்று கேட்காத கண்டக்டர் கிடையாது. ஜெனிஃபர் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கட்சிப் பெயராகச் சொல்லுவாள்.

சிவகங்கைப் பக்கம் ஒரு போட்டி முடிந்து திரும்புகிறபோது, திருமயத்தில் பஸ் ஓரம் கட்டியது. சாலையோரம் ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் நின்றது. அதன் இரும்புச் சட்டம் கேரியரில் நீட்டிக்கொண்டிருந்த கம்பை ஒரு இழுப்பு இழுத்தது. ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இறக்கிப் பார்த்தால் கம்பின் நடுப்பகுதியில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு.

பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் ஃபைபர் கம்பில் கீறல் விழுந்தால் வளைகிறபோது அந்த இடத்தில் முறிய வாய்ப்பு உண்டு. ஜெனிஃபர் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினாள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் மனசுக்கும் தெரியாது என்று ஒரு கணக்கு. அந்தக் கீறலோடுதான் சில மாதம் தாண்டினோம். ஒன்றும் ஆகவில்லை.

தடைக்காலம்

எங்கள் ஊர் ஜெகதாப்பட்டினம். அப்பாவுக்குப் படகு கிடையாது, படகுக்கு வைத்தியம் பார்க்கிறவர். ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தாலும், விரிசல் கண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணாடி இழைத் துணியை வெட்டி வைத்து, ரெசினில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் கலந்து பூசி, மேலே இன்னொரு துணி, இன்னொரு பூச்சு. காய்ந்த பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரலுக்குக் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தாலும் போச்சு, பிரித்துவிட்டு மறுபடி ஒட்டுவார். நெகிழ்கிற படகில் ஆளை அனுப்பக் கூடாது என்பார். எல்லைப் பக்கம் போன படகுகள் பிடிபட்டால் ஊரே ரேடியோவுக்கும் போனுக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கும். அப்பா மட்டும் தான் ஒட்டிய படகுகள் எதெது போயிருக்கிறது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்.

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. படகெல்லாம் கரையேறிவிடும், ஐஸ் பிளான்ட் ஓய்ந்து கிடக்கும், அவர் மட்டும் காலையிலிருந்து இருட்டுகிற வரை ரெசினிலேயே கிடப்பார். என் போட்டிகளெல்லாம் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வரும். அதனால் நான் தாண்டி அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. செல்போனில் காட்டலாம் என்றால், கண் தெரியலை, அப்புறம் காட்டு என்பார்.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் கல்லூரியில் சாமான் அறையைப் பூட்டிவிட்டார்கள். முதல் பாதி ஜெனிஃபர் கம்பை வைத்துக்கொள்வது, இரண்டாம் பாதி நான் என்று பேச்சு. என் முறை வந்ததும் கடற்கரை மணலில் ஒரு குழி வெட்டி, பலகையை அணையாகக் கொடுத்துப் பழகிக்கொண்டிருந்தேன். மணலில் கம்பு பாதிதான் வளையும். ஆனாலும் கை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

அப்பா அன்றைக்கு ஒரு படகு வேலையை முடித்திருக்கிறார். கிண்ணத்தில் கொஞ்சம் ரெசின் மிச்சம். கலந்த ரெசினை வைத்திருக்க முடியாது, கல்லாகிவிடும். சுற்றுமுற்றும் பார்த்தவர் கண்ணில் கம்பு பட்டிருக்கிறது. டேப்பைப் பிரித்தார். கீறலைப் பார்த்தார். மகள் இதில்தான் தொங்கப்போகிறாள் என்று நினைத்தார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

சாதாரணமாகவா ஒட்டினார்? கம்பைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, மூன்று சுற்று துணி வைத்து, படகின் அடிப்பக்கத்துக்குப் போடுகிற மாதிரி போட்டிருந்தார். கட்டைவிரலால் அழுத்தியும் பார்த்திருப்பார். இம்மிகூட நெகிழ்ந்திருக்காது.

ஜெனிஃபர் சொன்னது

அப்பா சாப்பிடப் போன பிறகு கம்பை மணல் குழியில் ஊன்றி, மேலே பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். பட்டைக்குக் கீழே வளைந்தது, பட்டைக்கு மேலேயும் வளைந்தது. பட்டை மட்டும் வளையாமல் நட்டமாக நின்றது. அதன் ஓரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். உடனே கையை விட்டுவிட்டேன்.

வளைகிற பொருளின் நடுவில் வளையாத ஒன்றைக் கட்டினால், அதன் ஓரத்தில்தான் பாரம் எல்லாம் போய் விழும். முழு வேகத்தில் ஓடிவந்து ஊன்றினால் அது எப்போது முறியும், எந்தத் துண்டு எங்கே குத்தும் என்று சொல்ல முடியாது. ஜெனிஃபருக்குப் போன் போட்டேன். மென்று முழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

எத்தனை சுற்று ஒட்டியிருக்கிறார் என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிராத. சொன்னேன்னா கிரைண்டர எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவாங்க" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஒட்டியதைக் கிரைண்டரால் தேய்த்து உரித்து எடுத்திருப்பார், கம்பையும் சேர்த்து. போட்டிக்கு வருகிற யாரிடமாவது கம்பு இரவல் கேட்போம் என்று முடிவு செய்தோம். எங்கள் விளையாட்டில் இது ஒரு வழக்கம். கம்பு பயணத்தில் உடைவதும் தொலைவதும் எல்லோருக்கும் நடக்கும் என்பதால் கேட்டால் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கம்பு ஆளின் எடைக்குத் தகுந்த மாதிரி செய்யப்படுவது. அடுத்தவள் கம்பு நமக்கு வளையுமா என்பது ஊன்றிப் பார்த்தால்தான் தெரியும்.

போட்டி திருச்சியில். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நானும் வாரேன் என்று நின்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தடைக்காலத்தில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறாரா? தான் ஒட்டியது எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். மீன் வண்டி சும்மாதான் நின்றது. டிரைவரைப் பேசி, அதன் மேல் கம்பைக் கட்டி, என்னோடு அவரும் ஏறிக்கொண்டார். வழி நெடுக வெளியே தலையை நீட்டிக் கட்டு தளர்ந்ததா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்

கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி கேட்டதும் கொடுத்தாள். எங்களைவிட நல்ல கனமானவள், அவள் கம்பும் அதற்கேற்ற விறைப்பு. எனக்குக் கஷ்டப்பட்டு வளைந்தது. என்னைவிட எடை குறைவான ஜெனிஃபருக்கு அதுகூட வளையவில்லை. பிடியைக் கீழே இறக்கிப் பிடித்து எப்படியோ சமாளித்தாள்.

அப்பா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். நம்ம கம்பை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். அது பெரிய உயரத்துக்குப்பா, கடைசியில் எடுப்போம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

மூன்று மீட்டரை ஜெனிஃபர் முதல் தடவையிலேயே தாண்டினாள். நான் கடைசி வாய்ப்பில் தாண்டினேன். இந்த இடத்தில் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒரே உயரத்தோடு நின்றுவிட்டால், அந்த உயரத்தைக் குறைந்த தடவையில் தாண்டியவருக்குத்தான் முன்னிடம். முதல் இரண்டு இடங்கள் எங்கள் கைக்கு எட்டாத ஆட்கள் இருவருக்கு. மீதி இருந்தது மூன்றாம் இடம். அதில் அப்போது ஜெனிஃபர் இருந்தாள், அவளுக்கு அடுத்து நான்.

தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பியைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். ஜெனிஃபர் தன் சொந்தக் கம்பில் எத்தனையோ தடவை தாண்டிய உயரம் அது. பிடியை மேலே ஏற்றினாள். கம்பு வளைய மறுத்து, அவளை வந்த வழிக்கே திருப்பித் தள்ளியது. மூன்று தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை ஓடுபாதையில் உட்கார்ந்தபடியே விழுந்தாள். எழுந்து, பிடி வழுக்காமலிருக்கக் கையில் தடவியிருந்த பிசினைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

நான் இரண்டு தடவை தட்டிவிட்டிருந்தேன். ஒன்று பாக்கி. நானும் தட்டினால் மூன்றாம் இடம் அவளுக்கு, தாண்டினால் எனக்கு. இது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கால் ரொம்ப உள்ள போயிருது. மார்க்க ஒரு பாதம் பின்னால தள்ளி வச்சுக்க" என்றாள்.

எங்களுக்குள் எப்போதும் இப்படித்தான். ஒருத்தி கால் வைக்கிற இடத்தை இன்னொருத்திதான் பார்த்துச் சொல்ல வேண்டும், ஓடுகிறவளுக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொல்லாமல் போயிருந்தால் நான் நினைத்தும் பார்த்திருக்க மாட்டேன்.

ஓட்டம் தொடங்குகிற மார்க்கைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வேலி ஓரம் வந்தேன். அப்பா என்னைக் கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஏத்தா, எல்லாருக்கும் கம்பு இப்புடித்தான் வளையுமா?"

"ஆமாப்பா."

"வளைஞ்சாத்தான் தூக்கி விடுமா?"

காலையிலிருந்து ஒவ்வொரு பெண்ணாக, ஒவ்வொரு கம்பாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். படகுக்கு எது நோயோ அதுதான் இங்கே உயிர் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கண்ணாலேயே பார்த்துவிட்டார். நாங்கள் ஓரமாகப் போட்டு வைத்திருந்த, வெள்ளைப் பட்டை போட்ட கம்பைப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளையோடதுல்ல அது" என்றார், ஜெனிஃபர் போன பக்கம் பார்த்துக்கொண்டே.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். போ என்று கையைக் காட்டினார்.

கடைசித் தடவை

அந்த ஓட்டத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. கால் சரியான இடத்தில் விழுந்தது தெரிந்தது. கம்பு வளைந்தது. ஓடி வந்த வேகம் எங்கேயோ போய் ஒளிந்தது, நான் அதற்காகக் காத்திருந்தேன், அது திரும்பி வந்தது. வயிறு கம்பிக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனது. மெத்தையில் மல்லாந்து விழுந்து பார்த்தால் கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது, ஆடக்கூட இல்லை.

அந்த மூன்றாம் இடத்தால்தான் இப்போது நான் பார்க்கிற வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு அலுவலக அணிக்காக எத்தனையோ ஊர்களில் தாண்டினேன், இன்னும் பெரிய உயரங்களையும் பார்த்தேன். அந்த வருஷம் ஜெனிஃபருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பா ஒட்டாமல் இருந்திருந்தால் அவள் கம்பு அன்றைக்கு அவளைத் தூக்கியிருக்குமா, இல்லை, திருமயத்துக் கீறலிலேயே முறிந்திருக்குமா? நானும் அவளும் இதை அலசாத நாள் இல்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

மெத்தையில் எழுந்து மண்டி போட்டதும் முதலில் வேலிப் பக்கம்தான் பார்த்தேன். அப்பா நின்ற இடம் காலியாக இருந்தது. நான் தாண்டியதை அவர் பார்க்கவே இல்லை என்று புரிந்ததும் ஒரு கணம் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் கழித்து வந்துவிட்டு எங்கே போனார்?

மைதானத்தின் மறு ஓரத்தில், வேப்ப மரத்தடியில் ஜெனிஃபர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அப்பாவின் முதுகு தெரிந்தது.

அங்கே என்ன பேசினார்கள் என்று அப்பா ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். தாயி, ஒன் கம்ப நாந்தான் கெடுத்துப்புட்டேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். தெரியும்ப்பா என்றிருக்கிறாள் அவள். கையைக் கூப்பிக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார். அப்போதுதான் அவர் தோளுக்கு மேலாக ஜெனிஃபர் பார்த்திருக்கிறாள். கம்பி விழவில்லை. தன் மூன்றாம் இடம் போய்விட்டது என்று அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அங்கிட்டுத் திரும்பிப் பாருங்கப்பா, மகேசு தாண்டிட்டா" என்றாளாம்.

அவர் திரும்பியதை நான் பார்த்தேன். கம்பியைப் பார்த்தார், மெத்தையில் நின்ற என்னைப் பார்த்தார். நான் கையை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை. மறுபடியும் அவள் பக்கமே திரும்பி நின்றுகொண்டார். கூப்பிய கையை இறக்கவே இல்லை.